கண்ணாடிக் கூடத்துக் கதவுக்காரர்

என் வீட்டுக்காரருக்குக் கதவு திறந்து மூடுகிற வேலை. இப்படி நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "விருந்தினர் நுழைவுப் பொறுப்பாளர்னு சொல்லு" என்பார். சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. பதினெட்டு வருஷமாக ஒரு சொகுசுக் கப்பலில், ஒரே கதவின் முன்னால் நின்று, வருகிறவர்களின் அட்டையைப் பார்த்துத் திறந்துவிடுகிற மனுஷனை நான் வேறு என்னவென்று சொல்ல?

வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். வீட்டுக்கு வந்தாலும் முதல் பத்து நாளைக்கு வேலைப் பழக்கம் போகாது. அழைப்பு மணி அடித்தால் முதல் ஆளாக எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கி, லேசாகத் தலையைக் குனிந்து நிற்பார். ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், வீடு மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போய் வாசல் எண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்.

பேச்சு மட்டும் வராது. நான் பத்து வார்த்தை கேட்டால் ஒரு 'ம்' வரும். என் தம்பிகள் அவருக்கு 'தாழ்ப்பாள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். அதற்கும் ஒரு 'ம்'தான். விதி என்று ஒன்று எழுதியிருந்தால் போதும், அதைத் தாண்ட மாட்டார். வங்கியில் ஒருநாள் இவருக்கு முந்தின எண்காரர் எழுந்து போய்விட்டார். கவுன்டர் காலி. உள்ளே இருந்த பெண்ணே "வாங்க சார்" என்று கூப்பிட்டாள். இவரோ பலகையில் தன் எண் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பதினெட்டு வருஷம் முடிந்ததற்காகக் கம்பெனி அவருக்கு ஒரு சலுகை கொடுத்தது. குடும்பத்தில் இரண்டு பேர் ஐந்து நாள் அந்தக் கப்பலில் இலவசமாகப் போய்வரலாம். நானும் அவருடைய தங்கையும் கிளம்பினோம். நான் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். என் நாத்தனார் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுக்கிறவள். இரண்டு பேரும் லீவு போட்டோம். வீட்டில் அண்ணன் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்துத் தங்கைதான் பேசுவாள்.

அந்தப் பயணத்தில் எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. துறைமுக அலுவலகத்தில் ஒரு வேலை காலியாகியிருந்தது. கரை வேலை. காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். கப்பலின் விருந்தினர் மேனேஜர் இவர் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். பயணம் முடிகிற அன்று முடிவு தெரியும். பதினெட்டு வருஷத்தில் நான் அவரோடு இருந்தது நாலரை வருஷம்தான் என்று ஒருநாள் விரல் விட்டுப் பார்த்துவிட்டு அழுதிருக்கிறேன். அதனால் அலமாரியில் பாதியை அவருக்காகக் காலி செய்து வைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினேன்.

எங்களுக்குக் கொடுத்தது மூன்றாம் தளத்தில் உள்ளறை. உள்ளறை என்றால் ஜன்னல் கிடையாது. ஆனால் சுவரில் நல்ல நீலத் திரை ஒன்று தொங்கியது. நாத்தனார் ஆசையாக அதை விலக்கினாள். பின்னால் சுவர்.

"அண்ணி, கடல் ரொம்ப அமைதியா இருக்கு" என்றாள்.

எனக்கு இதிலெல்லாம் பொறாமை கிடையாது. மேல்தளத்து சூட் அறைக்காரர்கள் உள்ளறைக்காரர்களைவிடப் பல மடங்கு கொடுத்து வந்தவர்கள். அவர்களுக்குப் பெரிய கட்டில், பால்கனி, தனிச் சாப்பாட்டு அறை. இருக்கட்டுமே. கொடுத்தவருக்குக் கிடைக்கிறது. முதல் வரிசை டிக்கெட் வாங்கினவர் முதல் வரிசையில் உட்கார்ந்தால் நான் ஏன் வயிறெரிய வேண்டும்? சோறு எல்லோருக்கும் சூடாகத்தான் இருந்தது.

அவர்களுக்கென்று இருக்கிற இடங்களில் ஒன்றுதான் கண்ணாடிக் கூடம். ஐந்தாம் தளத்தில், மூன்று பக்கமும் கடல் தெரிகிற பெரிய கூடம். கால் புதைகிற கம்பளம், தனித்தனியாகச் சாய்வு நாற்காலிகள், பழச்சாறு, பேச்சுச் சத்தமே இல்லாத ஒரு அமைதி. அதன் வாசலில் நிற்பவர்தான் என் வீட்டுக்காரர். தங்க நிற அட்டை இருந்தால் திறப்பார். எங்கள் அட்டை வெள்ளை.

ஆனால் கப்பல் கிளம்புவதற்கு முன்னால் முதல் நாளே ஒரு ஒத்திகை நடக்கும். ஆபத்து மணி அடித்தால் யார் எங்கே போய் நிற்க வேண்டும் என்று எல்லோரையும் நடக்கவைத்துக் காட்டுவார்கள். எங்கள் அறைக் கதவின் பின்பக்கம் ஒட்டியிருந்த படத்தில் சிவப்புக் கோடு இரண்டு மாடி ஏறி, படிக்கட்டின் பித்தளைக் கைப்பிடி முடிகிற இடத்தில் இடதுபக்கம் திரும்பி, நேராகக் கண்ணாடிக் கூடத்துக்குள் போய் நின்றது. கூடத்தின் மறுபக்கக் கதவைத் திறந்தால் உயிர்காப்புப் படகுகள். அதனால் எங்கள் பகுதி உள்ளறைக்காரர்கள் நூற்று நாற்பது பேருக்கும் அதுதான் இடம். அந்த அரைமணி நேரத்துக்கு வெள்ளை அட்டைக்கும் கதவு திறக்கும்.

ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். அவர் கையில் பட்டியலோடு நின்று அறை எண்களைப் படித்தார். "முந்நூத்தி பதினாலு" என்றார். நாங்கள்தான். "அண்ணா" என்று கையை ஆட்டினாள் தங்கை. "ரெண்டு பேர்" என்று குறித்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். ஒரு சிரிப்பு? ஒரு பார்வை? ஒன்றும் கிடையாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

நாத்தனாருக்கு அதெல்லாம் உறைக்காது. கடலைப் பார்த்துப் போட்டிருந்த நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைக் குளியல் அங்கியோடு ஒரு பெரியவர் வந்து அவள் எதிரில் நின்றார்.

"இது என் நாற்காலிம்மா. தினமும் நான் உட்கார்ற இடம்."

"கப்பல் இன்னும் கிளம்பவே இல்லையே, சார். எந்தத் தினமும்?"

அவர் வருஷாவருஷம் அதே கப்பலில் வருகிறவராம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கிக்காரர் முகம் சிவக்க மேனேஜரைத் தேடிப் போனார். கூட இன்னும் சில தங்க அட்டைக்காரர்களும் போனார்களாம். கம்பளம் அழுக்காகிறது, கூட்டம், சத்தம், நாங்கள் கொடுத்த பணத்துக்கு இதுதானா என்று.

மறுநாள் காலையில் எங்கள் கதவுக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. நாலு மொழியில் பொடி எழுத்து. அறையிலிருந்த சின்ன மேஜை ஆடிக்கொண்டே இருந்ததால் நாத்தனார் அதை நாலாக மடித்துக் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் சொல்லித்தான் தெரியும். அவருக்கு மத்தியானம் இருபது நிமிஷம் இடைவேளை. திறந்த மேல்தளத்தில், பிங்பாங் மேஜைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினோம்.

"இனிமே மணி அடிச்சா நீங்க மேல வரக் கூடாது. மூணாம் தளத்துல சாப்பாட்டுக் கூடத்து வெளில, படிக்கட்டுப் பக்கம் நிக்கணும். சூட்காரங்க படகுக்கிட்ட போனதுக்கப்புறம் உங்களைக் கூட்டிட்டு வருவாங்க. இந்தப் பயணத்துக்கு மட்டும் சோதனை."

"இதுல உங்களுக்கு என்ன?"

"உள்ளறைக்காரங்க வந்தா திறக்காதே, கீழ அனுப்புன்னு எழுதிக் கையில கொடுத்திருக்காங்க."

"அனுப்பிட்டுப் போங்க. ஊர்வம்பு நமக்கு எதுக்கு? கரைக்கு வர்ற நேரத்துல வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க."

"ம்" என்றார். கொஞ்சம் கழித்து, நான் கேட்காமலே, "படுக்கைக்கு விலை போட்டிருக்கு. படகுக்கு விலை போடலியே" என்றார். அவர் தானாக இவ்வளவு பேசியதே எனக்குப் பயமாக இருந்தது. பேச்சை மாற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். நாத்தனார் குளியலறையில் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. ஏழு சின்ன மணி, ஒரு நீள மணி. ஒத்திகை அன்று கேட்டது போலத்தான், ஆனால் இன்றைக்கு ஒத்திகை இல்லை. நடைபாதையில் லேசாகக் கருகல் வாடை. குளியலறைக் கதவைத் தட்டினேன். தலையெல்லாம் நுரையோடு, நைட்டியின் மேல் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

இப்போது நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவரே வாயால் சொல்லியிருந்தார். சாப்பாட்டுக் கூடத்துக்கு வலதுபக்கம் திரும்ப வேண்டும். என் கால் திரும்பவில்லை. இரண்டு மாடி ஏறி, பித்தளைக் கைப்பிடியில் இடதுபக்கம் திரும்பி, கண்ணாடிக் கூடத்து வாசலில் போய் நின்ற பிறகுதான் எனக்கே உறைத்தது. திரும்பிப் பார்த்தால் படி முழுக்க ஆரஞ்சுச் சட்டைகள். நூற்று நாற்பது பேரில் கீழே போனவர்கள் பதினொரு பேர்தான் என்று பிறகு தெரிந்தது. எங்கள் வேன் ஒருநாள் வழி மாறிப் போனபோதும் இப்படித்தான். முதல் நாளே சொல்லியும், பிள்ளைகளெல்லாம் பழைய இடத்தில்தான் போய் நின்றிருந்தார்கள்.

கதவு சாத்தியிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே அவர். கையில் அந்தத் தாள். பின்னால் வந்தவர்கள் நெருக்க ஆரம்பித்தார்கள். ஒரு குழந்தை அழுதது. என் மூக்கு கண்ணாடியில் ஒட்டியது. கீழே திரும்பிப் போவதென்றால் ஏறி வருகிறவர்களை இடித்துக்கொண்டு இறங்க வேண்டும். யாராவது ஒருவர் படியில் தடுக்கினால் போச்சு.

அவர் தாளைப் பார்த்தார். வெளியே பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் இரண்டு கதவையும் அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"மெதுவா வாங்க. ஓடாதீங்க. எல்லாருக்கும் இடமிருக்கு."

உள்ளே தங்க அட்டைக்காரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அங்கிக்காரர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், உயிர்காப்புச் சட்டை இல்லாமல். அறையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாராம். என் வீட்டுக்காரர் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் வாரைத் தலைகீழாக மாட்டினார். நாத்தனார் குனிந்து அவருக்கு இழுத்துக் கட்டிவிட்டாள். மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டுப் பழகின கை.

"உன் தலையெல்லாம் நுரையா இருக்கும்மா" என்றார் அவர்.

"தெரியும் சார். சோப்பு கண்ணுல இறங்குது. உங்க அங்கியில ஒரு ஓரம் கொடுங்க, துடைச்சுக்கறேன்."

கொடுத்தார். நிஜமாகவே கொடுத்தார். துடைத்து முடித்ததும் எழுந்து நாற்காலியையும் காட்டினார். அவள் உட்காரவில்லை, நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். நாற்பது நிமிஷம் அப்படியே இருந்தோம். கடைசியில் சலவை அறையில் துணி காயவைக்கிற இயந்திரத்தில் துண்டு கருகின புகைதான் அது, அணைத்தாகிவிட்டது என்று அறிவித்தார்கள். எல்லோருக்கும் உயிர் வந்தது. பழச்சாறு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த பரிசாரகர், அத்தனை ஆரஞ்சுச் சட்டைக்கு நடுவில் யார் எந்த அட்டை என்று தெரியாமல் எல்லோருக்கும் நீட்டினார். அப்படியொரு அன்னாசிச் சாறு நான் குடித்ததே இல்லை. போகும்போது நான்கைந்து பேர் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் 'ம்' என்றார்.

மறுநாள் மத்தியானம் பிங்பாங் மேஜைப் பக்கம் வந்தபோது அவர் முகம் சரியில்லை.

"விசாரணை. எழுத்துல கொடுத்த உத்தரவை மீறினேன்னு."

"அய்யோ. கரை வேலை?"

"மேனேஜர் நல்ல மனுஷன்தான். ஒரு வழி சொல்றார். கதவுக்கு வெளில முதல் ஆளா நீதான் நின்னியாம். 'மனைவியைப் பார்த்தேன், பதறிட்டேன், திறந்துட்டேன்னு எழுதிக் கொடுங்க. எந்த மனுஷனுக்கும் வர்ற தப்புன்னு முடிச்சிடறேன். கரை வேலைக்கு ஒண்ணும் வராது'ங்கறார்."

எனக்குப் போன உயிர் திரும்பியது. "அப்ப எழுதிக் கொடுங்க. யோசிக்க என்ன இருக்கு?"

அவர் கடலைப் பார்த்தார். "நான் உன்னைப் பார்க்கலியே" என்றார்.

"என்னது?"

"கூட்டமா இருந்துது. எல்லாரும் ஆரஞ்சுச் சட்டை. நீ கதவுக்கிட்ட நின்னதே மேனேஜர் சொல்லித்தான் தெரியும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கப்பலே பற்றி எரிகிறதோ என்று பயந்து, கண்ணாடியில் மூக்கு நசுங்க நிற்கிறேன். மூன்று அடியில் தாலி கட்டின புருஷன். அவருக்கு நான் கண்ணில் படவில்லையாம். "பதினெட்டு வருஷம் காத்துக்கிட்டு இருக்கறவ கண்ணுல படலை. அதையாவது பார்த்தேன்னு எழுதிக் கொடுத்தா கை தேய்ஞ்சிடுமா?" என்று கத்தினேன். பிங்பாங் விளையாடியவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இடைவேளை முடிந்ததும் போய்விட்டார்.

எழுதிக் கொடுக்கவில்லை என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சின்ன அறை, இரண்டு நாற்காலி, மேஜையில் ஒரு படிவம். மேனேஜர் களைத்துப் போயிருந்தார். பாவம், அவருக்கும் மேலே பத்து பேர் இருப்பார்கள்.

"உட்காருங்கம்மா. கேமராவுல உங்க எல்லாருடைய முதுகுதான் தெரியுது. அவர் முகம் தெரியலை. கதவுக்கு ரொம்பக் கிட்ட இருந்தது நீங்க. உங்க கணவர் திறக்கறதுக்கு முன்னால உங்களைப் பார்த்தாரா? சும்மா ஒரு பார்வை பார்த்திருந்தாலும் போதும். நான் இங்க எழுதிக்கிட்டு முடிச்சிடுவேன். அவர் உங்ககூட வீட்டுக்கு வந்துடலாம்."

"பார்த்தார்னு எழுதினா, அந்தக் கீழ்ப் படிக்கட்டு ஏற்பாடு என்ன ஆகும்?"

"அது அப்படியே இருக்கும். ஏற்பாட்டுல தப்பில்லை, ஒரு ஆள் பதறிட்டார், அவ்வளவுதான்னு ஆகுது."

"பார்க்கலைன்னா?"

அவர் பேனாவை உருட்டினார். "பார்க்கலைன்னா, ஏற்பாடு வேலைக்கு ஆகலைன்னு தெரிஞ்சேதான் திறந்திருக்கார்னு அர்த்தம். கேப்டன் ஏற்பாட்டையே திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டி வரும். ஆனா உத்தரவை வேணும்னே மீறினவருக்குக் கரை வேலை கொடுக்க என்னால முடியாது."

ஒரு வார்த்தைதான். 'ஆமா' என்றால் அடுத்த வாரத்திலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்படும். பொய் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, யார் கண்டது, ஓரக்கண்ணால் பார்த்தே இருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆனால் ஞாபகத்தில் அந்தக் கூட்டம் வந்து நின்றது. அழுத குழந்தை. எனக்குப் பின்னால் முதுகில் முட்டிக்கொண்டு நின்ற, இன்றுவரை முகம் தெரியாத ஒரு ஆள். அடுத்த வாரம் வேறு நூற்று நாற்பது பேர் ஏறுவார்கள். மணி அடித்தால் அதே வாசலில் போய் நிற்பார்கள். கதவுக்காரர் பெண்டாட்டியைப் பார்த்துத்தான் திறந்தார் என்று நான் சொல்லிவிட்டால், யாருடைய பெண்டாட்டியும் இல்லாத அந்தக் கூட்டத்துக்கு யார் திறப்பார்கள்? அந்த மனுஷன் யாரையும் தனியாகப் பார்க்காமல் எல்லோருக்குமாகத் திறந்த கதவை, எனக்காகத் திறந்ததாக நான் எப்படி வாங்கிக்கொள்வது?

"இல்லீங்க" என்றேன். "அவர் என்னைப் பார்க்கவே இல்லை."

மேனேஜர் அப்படியே எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

கரை வேலை வேறொருவருக்குப் போனது. கீழ்ப் படிக்கட்டு ஏற்பாட்டைக் கேப்டன் அந்தப் பயணத்தோடு நிறுத்திவிட்டார். இப்போதும் முதல் நாள் அரைமணி நேரம் வெள்ளை அட்டைக்காரர்கள் கம்பளத்தை மிதிக்கிறார்கள், அங்கிக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள், அவர் எண்களைப் படிக்கிறார். கடைசி நாள் நாங்கள் இறங்கும்போது, சூட்காரர்கள் எல்லோரும் போன பிறகு எங்கள் முறை வந்தது. அவர் வாசலில் நின்று என் பையை வாங்கிக்கொண்டார். "என்ன சொன்னே?" என்று கேட்டார். சொன்னேன். 'ம்' வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அப்புறமும் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். கட்டின புருஷன் என்னைக் கண்டுகொள்ளாமல் விட்ட நாட்கள் நிறைய உண்டு. அதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்தக் கண்ணாடிக் கதவு வாசலில் ஒரு தடவைதான்.